ப்ரூஜில் ஒரு வாராக்கடன்

ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு சனி, ஞாயிறு வந்தால் காலில் சக்கரம்தான். காலையில் ரயில் ஏறி, பையில் பிரெட்டும் பழமும் போட்டுக்கொண்டு ஒரு ஊரைச் சுற்றிவிட்டு, ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெல்ஜியத்தில் லுவெனில் படிக்கும் என் அக்கா மகளும் இதில் சேர்த்தி. ஒரு சனிக்கிழமை ப்ரூஜ் போய்வந்து முப்பது போட்டோ அனுப்பினாள். கால்வாய், அன்னப்பறவை, சாக்லேட் கடை, 83 மீட்டர் உயர மணிக்கூண்டு. 366 படியும் ஏறினாளாம். "அழகான ஊர் மாமா, ஆனா ஒரே டூரிஸ்ட் கூட்டம்" என்று கூடவே ஒரு வரி.

ஊர் அழகுதான், 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். ஆனால் என்னைப் போல பேங்க்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு ப்ரூஜ் என்றால் சாக்லேட் ஞாபகம் வராது. ஒரு கிளை மேலாளர் ஞாபகம்தான் வரும். ஐநூறு வருடத்துக்கு மேல் பழைய கதை. உங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் சொல்லி அனுப்புங்கள்.

முதலில் ஊர். ப்ரூஜ் கடலோரத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. 1134-ல் அடித்த ஒரு பெரும்புயல் கடற்கரையைக் கிழித்து ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே வியாபாரம் வந்தது. 1277-ல் ஜெனோவாவின் கப்பல் நேராக இங்கே வந்து சேர்ந்தது. இங்கிலாந்து கம்பளி, ஃப்ளாண்டர்ஸ் துணி, வடக்கிலிருந்து மென்மயிர்த் தோல், தெற்கிலிருந்து மிளகு, பட்டு, படிகாரம் என்று எல்லாம் கை மாறும் சந்தையாக ஆனது ஊர்.

வியாபாரி வந்தால் தங்க இடம் வேண்டுமே. வான் டெர் பூர்ஸ என்று ஒரு குடும்பம் விடுதி நடத்திவந்தது. பூர்ஸ் என்றால் பணப்பை, குடும்பச் சின்னத்திலேயே மூன்று பணப்பைகள். விடுதி வாசலில் இருந்த சதுக்கத்தில் வெளியூர் வியாபாரிகள் கூடி விலையும் நாணய மாற்றும் பேசினார்கள். "பூர்ஸ் பக்கம் போயிட்டு வரேன்" என்பது "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று ஆகிவிட்டது. பிரெஞ்சில் பங்குச்சந்தைக்கு இன்றும் அதே பெயர். ஜெர்மனிலும் டச்சிலும் அதன் சாயல்தான். இங்கே மும்பையில் 1850-களில் டவுன் ஹால் எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடியதுதான் பின்னால் தலால் தெரு ஆனது. மரத்தடிக்குப் பதில் அங்கே விடுதி வாசல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சதுக்கத்தைச் சுற்றி ஜெனோவாக்காரர், வெனிஸ்காரர், ஃப்ளோரன்ஸ்காரர் என்று ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் தனி மன்றம். ஊர்ப்பஞ்சாயத்து, கும்பிட ஒரு கோயில், கூடிப் பேச ஒரு கூடம். மாட்டுங்காவில் நம்மவர்கள் சங்கமும் கோயிலும் மெஸ்ஸும் வைத்துக்கொண்ட மாதிரியே! ஜெனோவாக்காரர்களின் 1399-ம் வருடத்து மன்றம் இன்றும் நிற்கிறது. இப்போது அது உருளைக்கிழங்கு வறுவலுக்கான மியூசியம். :-)

இந்த ஊருக்கு 1439-ல் ஒரு பேங்க் கிளை திறந்தது. ஃப்ளோரன்ஸின் மெடிச்சி பேங்க், 1397-ல் ஆரம்பித்தது. வட்டி வாங்குவது பாவம் என்று சர்ச் சொன்ன காலம். அதனால் லாபத்தை நாணய மாற்றுக்குள் வைத்தார்கள். ஃப்ளோரன்ஸில் ஃப்ளோரினைக் கட்டி ஒரு சீட்டு வாங்கினால், சுமார் இரண்டு மாதம் கழித்து ப்ரூஜில் அந்த ஊர்க் காசாக எடுத்துக்கொள்ளலாம். நம்மூர் உண்டியல் மாதிரிதான். அந்தத் தவணைக்கு யூசன்ஸ் என்று பெயர். இன்றும் எங்கள் ஃபாரெக்ஸ் டிபார்ட்மெண்டில் தினமும் காதில் விழும் வார்த்தை. நாம் இங்கே ரூபாயைக் கட்ட பிள்ளை அங்கே யூரோவாக எடுப்பதும் அதே வேலைதான். இரண்டு மாதம் இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கிறது.

இப்போது நம் கதாநாயகர். பெயர் தொம்மாசோ போர்த்தினாரி. ஃப்ளோரன்ஸ்காரர். இன்று நம் பிள்ளைகள் படிக்கப் போகிற வயதுகூட ஆகாத பையனாக ப்ரூஜ் கிளைக்கு வேலைக்கு வந்தார். பெரியவர் கோசிமோ மெடிச்சிக்கு இவர் மேல் முழு நம்பிக்கை இல்லை. கோசிமோ 1464-ல் இறந்தபிறகு, 1465-ல்தான் கிளை இவர் கைக்கு வந்தது. அடுத்த வருடமே நால்டென்ஸ்ட்ராட் தெருவில் பிளாடெலின் மாளிகை பேங்க் பெயரில் வாங்கப்பட்டது. அதன் உள்முற்றத்தில் முதலாளி லொரென்சோ, அவர் மனைவி இருவரின் முகங்களும் வட்டக் கல்லில் செதுக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன.

ஊரை ஆண்டது பர்கண்டி அரசு. 1467-ல் பட்டத்துக்கு வந்தவர் சார்ல்ஸ், 'துணிச்சல்காரர்' என்று பட்டப்பெயர். 1468-ல் அவர் கல்யாண ஊர்வலம் ப்ரூஜுக்குள் வந்தபோது ஃப்ளோரன்ஸ் வியாபாரிகளுக்கு முன்னால் போர்த்தினாரி நடந்தார். பேங்க்காரராக அல்ல, அரசரின் ஆலோசகர் உடையில்!

இந்த ஒரு காட்சியில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து ஒரு ஊரில் காலம் தள்ளுகிறவனுக்கு உள்ளே ஒரு ஏக்கம் இருந்துகொண்டே இருக்கும். இந்த ஊர்ப் பெரியமனிதர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாரா, நம்மையும் இந்த ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொள்ள மாட்டாரா என்று. போர்த்தினாரிக்கு அது கிடைத்தது. விலை, கடன்.

அரசர்களுக்குக் கடன் கொடுப்பதில் எச்சரிக்கையாக இரு என்பது மெடிச்சி வீட்டுப் பழைய பாடம். கிளை ஒப்பந்தத்திலேயே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் கவிதை, அரசியல், ராஜதந்திரம் என்று இருந்த லொரென்சோவின் காலத்தில் தலைமை அலுவலகத்தின் பிடி தளர்ந்தது. டியூக்குக்குப் போன கடன் கிளையின் மூலதனத்தையே தாண்டியது. இங்கிலாந்தில் நான்காம் எட்வர்டுக்குக் கொடுத்துத் திண்டாடிய லண்டன் கிளையின் பாரமும் இவர் தலையில் வந்து விழுந்தது.

நடுவில் கப்பல் வியாபாரம் வேறு. சிலுவைப் போருக்காகக் கட்டி, போர் நடக்காமலே நின்ற இரண்டு பர்கண்டி கப்பல்களை பேங்க் எடுத்து நடத்தியது. 1473-ல் அதில் ஒன்று படிகாரத்தோடு இங்கிலாந்து நோக்கிப் போகும்போது டான்சிக் நகரத்து பால் பெனெக்கே மடக்கிப் பிடித்துவிட்டான். கப்பலில் ஓர் ஓவியமும் இருந்தது. ப்ரூஜில் வாழ்ந்த ஹான்ஸ் மெம்லிங் வரைந்த 'இறுதித் தீர்ப்பு'. போர்த்தினாரிக்கு முந்தைய மேலாளர் ஆஞ்செலோ தானி ஃப்ளோரன்ஸுக்காக வரையச் சொன்னது. ஃப்ளோரன்ஸ் போய்ச் சேரவேயில்லை. இன்றும் போலந்தில், டான்சிக்கின் இன்றைய பெயரான க்டான்ஸ்கில்தான் இருக்கிறது. நஷ்டஈடு கேட்டு வருடக்கணக்கில் வழக்கு நடந்தது.

அந்த ஓவியத்தின் நடுவில் தேவதூதர் கையில் தராசு. கனமான தட்டில், மோட்சத்துக்குத் தேறிய ஆத்மா கைகூப்பி மண்டியிட்டிருக்கிறது. அந்த முகம் போர்த்தினாரியின் முகம் என்று கலை அறிஞர்கள் சொல்கிறார்கள். ஓவியர் பாஸ் போட்டுவிட்டார். ஐந்தொகை போடவில்லை.

1477 ஜனவரி 5. நான்சி நகருக்கு வெளியே, பனியில், சார்ல்ஸ் போரில் கொல்லப்பட்டார். கடன் வாங்கியவர் போய்ச் சேர்ந்தார். ஈடு என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் இல்லை. லொரென்சோ ப்ரூஜ் கிளையை மூட முடிவெடுத்தார். 1480 வாக்கில் கூட்டு முறிந்தது. 1494-ல் மெடிச்சிகள் ஃப்ளோரன்ஸை விட்டே விரட்டப்பட, பேங்க்கும் முடிந்தது. ஒரு கிளையால் மட்டும் பேங்க் விழவில்லை. ஆனால் விழுந்ததில் இந்தக் கிளைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊரின் கதையும் அதே சமயத்தில் திரும்பியது. ஸ்வின் மண் மூடிக்கொண்டே வந்தது. 1488-ல் ப்ரூஜ் மக்கள் தங்கள் ஆட்சியாளர் மாக்சிமிலியனையே பிடித்து அடைத்துவைத்தார்கள். வெளியே வந்தவர், அந்நிய வியாபாரிகளை ஆன்ட்வெர்ப்புக்குப் போகச் சொன்னார். 1531-ல் புது பூர்ஸ் அங்கேதான் எழுந்தது. ப்ரூஜில் இடித்துக் கட்டப் பணம் இல்லை. அதனால்தான் பழைய ஊர் அப்படியே மிஞ்சியது. நம் பிள்ளைகள் போட்டோ எடுக்கிற அழகு அந்த வறுமை விட்டுவைத்தது.

நோட்ர டாம் என்று நாம் அறிந்த அதே கன்னி மரியாள் பெயரில் ப்ரூஜிலும் ஒரு பெரிய சர்ச் உண்டு. மைக்கேலாஞ்சலோவின் மாதா சிலையைப் பார்க்கத்தான் கூட்டம் போகும். அதே சர்ச்சில் பொன் முலாம் பூசிய வெண்கலத்தில் சார்ல்ஸின் கல்லறைச் சிற்பம் படுத்திருக்கிறது, கவசம் அணிந்து, கைகூப்பி. உலகத்தில் இத்தனை அழகான வாராக்கடன் வேறு எங்கும் கிடையாது.

போர்த்தினாரி வயதான காலத்தில் ஃப்ளோரன்ஸ் திரும்பி, தன் முன்னோர் ஃபோல்கோ போர்த்தினாரி 1288-ல் நிறுவிய சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் 1501-ல் இறந்தார். அந்த மருத்துவமனைக் கோயிலுக்காக ப்ரூஜ் நாட்களில் அவர் ஹ்யூகோ வான் டெர் குஸிடம் வரைந்து வாங்கிய பலிபீட ஓவியம் இப்போது உஃபீஸி கேலரியில். மனைவி, குழந்தைகளோடு அவரும் அதில் மண்டியிட்டிருக்கிறார். கடன் கணக்குகள் எல்லாம் அழிந்தன, அது நிற்கிறது.

போன ஊரில் மதிப்போடு வாழ ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த மதிப்பு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ரிவ்யூ என்று பெயர். லொரென்சோ அதைச் செய்யவில்லை.