நெல்லிக்கனியும் கொண்டைக்கடலையும்

தமிழர் இந்நாட்டின் எம்மூலையில் குடியேறினாலும், அங்காடியில் அவர் கைக்கு எட்டும் பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று நெல்லிக்கனி, மற்றொன்று கொண்டைக்கடலை. வடபுலத்தில் முன்னதை ஆம்லா என்பர். பின்னதைச் சனா என்பர். அதியமான் ஔவைக்கு ஈந்த கனி என்பதால் நெல்லியிடம் நமக்குத் தனி மதிப்பு உண்டு. கடலையோ நவராத்திரிச் சுண்டலாக வந்து போகும் எளிய பண்டம். இவ்விரண்டில் சத்து மிகுந்தது எது? இக்கேள்விக்கு விடை காண முற்பட்டால், அது நம்மைச் சமையலறையிலிருந்து ஒரு போர்க்களத்துக்கும், நீலகிரி மலையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கும், பஞ்சம் வாட்டிய ஒரு மாவட்டத்துக்கும் அழைத்துச் செல்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கொண்டைக்கடலையில் 17 கிராம் புரதமும், 61 கிராம் மாவுச்சத்தும், 360 கலோரி ஆற்றலும் உள்ளன. அதே எடையுள்ள நெல்லிக்கனியில் புரதம் அரைக் கிராமே. ஆற்றல் 58 கலோரி. கடலையில் சுண்ணாம்புச் சத்து 202 மில்லிகிராம், நெல்லியில் 50. இதுவரை கடலைக்கே வெற்றி. ஆனால் வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தைப் பாருங்கள். கடலையில் 3 மில்லிகிராம், நெல்லியில் 600! தராசு முற்றிலும் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் இயற்கையிலேயே இருக்கிறது. விதை என்பது, பிறக்கப்போகும் செடிக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. நெடுநாள் கெடாதிருக்க வேண்டி, நீர் வற்றி, புரதமும் மாவும் செறிந்து நிற்கிறது. கனியோ பத்தில் எட்டுப் பங்கு நீர். ஆகவே உலர்ந்த விதையையும் ஈரமுள்ள கனியையும் எடைக்கு எடை ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஊறி வெந்த கடலையின் எடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. எனவே 100 கிராம் சுண்டலில் உள்ள புரதம் உலர்ந்த கடலையில் உள்ளதில் பாதி அளவே. இவ்வாறு குறைத்துக் கணக்கிட்டாலும் புரதத்தில் கனி விதையை நெருங்க இயலாது. வைட்டமின் சி-யில் உலர்ந்த விதை கனியை நெருங்க இயலாது.

ஏட்டில் எண்ணாக நிற்கும் இவ்வேற்றுமை, ஒரு காலத்தில் மனித உயிர்களைக் கொண்டு உணரப்பட்டது. முதல் உலகப் போரில், டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள கூட் நகரில், ஆங்கிலேயரும் இந்தியருமாக அமைந்த படை துருக்கியரின் முற்றுகைக்குள் அகப்பட்டது. 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை முற்றுகை நீடித்தது. ஒரே நகரில், ஒரே பசியில் வாடிய அப்படையில் நோய் மட்டும் இரு வகையாகப் பிரிந்தது. வெள்ளை மாவு ரொட்டியையும் குதிரை இறைச்சியையும் உண்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பெரிபெரி தாக்கியது. ஸ்கர்வி அவர்களை அணுகவில்லை. இந்தியச் சிப்பாய்களில் மிகப் பலர் சமய ஒழுக்கம் கருதிக் குதிரை இறைச்சியை நெடுநாள் தொடவில்லை. தவிடு நீங்காத மாவே அவர்களுக்கு ஆதாரம். அவர்களைப் பெரிபெரி விட்டுவிட்டது. ஈறு வீங்கி, குருதி கசிந்து, மூட்டுகள் நோகும் ஸ்கர்வி பற்றிக்கொண்டது. தானியத்தின் தவிட்டில் ஒரு காவல் உண்டு. ஆனால் அக்காவல் எல்லா வாயில்களையும் அடைப்பதன்று என்பது இதனால் புலனாயிற்று.

அக்காலத்தில் ஸ்கர்விக்கு மருந்தெனப் படைகளுக்கு வழங்கப்பட்டது, மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் லைம் என்ற சிறு எலுமிச்சையின் பதப்படுத்திய சாறு. லண்டனில் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக் அம்மையாரும் அவருடைய தோழியரும் ஆராய்ந்து, அச்சாறு லெமன் பழத்தின் சாற்றைவிட மிகவும் வலிமை குன்றியது என்று 1918-ல் நிறுவினர். கனி என்ற பெயர் ஒன்றே போதாது. எக்கனி, எந்நிலையில் என்பதையும் ஆராய வேண்டும் என்பது அவர்கள் தந்த பாடம்.

அவர்கள் மற்றோர் உண்மையையும் வலியுறுத்தினர். உலர்ந்த விதைக்கு ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. ஆனால் அதே விதை நீரில் ஊறி முளைவிட்டால் அவ்வாற்றல் அதனுள் தோன்றுகிறது. இதனை நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஃபியூர்ஸ்ட் 1912-லேயே கண்டிருந்தார். 1917-ல் சலோனிகாவில் வில்ட்ஷயர் என்ற மருத்துவர், ஸ்கர்வியுற்ற செர்பியச் சிப்பாய்களில் ஒரு சாராருக்கு லெமன் சாறும், மறு சாராருக்கு முளைவிட்ட பீன்ஸ் விதையும் கொடுத்துப் பார்த்தார். விதை உண்டவர்கள் கனிச்சாறு பருகியவர்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை, மேலாகவே தேறினர். பருப்பும் பயறும் மூட்டை மூட்டையாகச் சுமந்து சென்ற இந்தியப் படைக்கு இச்செய்தியின் பொருள் யாது? மருந்து அவர்களுடைய மூட்டைக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது; அதனை எழுப்பச் சிறிது நீரும் ஓரிரு நாளும் போதுமாயிருந்தன.

இனி நீலகிரிக்கு வருவோம். 1918-ல் குன்னூரில் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி பற்றிய விசாரணையாகத் தொடங்கிய பணி, பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1935-ல் அதன் தலைமையை ஏற்ற டாக்டர் எய்க்ராய்ட், நம் நாட்டு உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கீரை, பயறு, கனி என்று நம் மக்கள் உண்பவற்றையே நிறுத்தும் பகுத்தும் எழுதப்பட்ட நூல் அது. 1958-ல் அந்நிலையம் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. நாம் மேலே கூறிய 1971-ஆம் ஆண்டு அட்டவணை அச்சிறு நூலின் வழித்தோன்றலே.

நெல்லியின் பெருமை சோதனைக்கு உள்ளானது பஞ்ச காலத்தில். இன்று ஹரியானாவில் உள்ள ஹிசார் மாவட்டத்தில், மழை பொய்த்து 1939-40-ல் பெரும் பஞ்சம் நிலவியது. பசுமை அற்ற நிலத்தில் ஸ்கர்வி தலைகாட்டியது. அங்கே நெல்லிக்கனி கொண்டு அந்நோயை வெற்றியுடன் எதிர்த்தனர். பிற கனிகளை உலர்த்தினால் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துபோகும். நெல்லியோ உலர்ந்த பின்னும் அதில் ஒரு நல்ல பங்கைக் காத்து நிற்கும். நெல்லிவற்றலைச் சேர்த்து வைத்த நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லை அறியார். ஆயினும் அவர்கள் செய்தது வீண்வேலை அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஐதராபாத் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணையில், நெல்லியின் வைட்டமின் சி சுமார் 250 மில்லிகிராம் என்றே காண்கிறோம். அளக்கும் முறைகள் நுட்பம் பெற்றுள்ளன. மரத்துக்கு மரமும் அளவு வேறுபடும். 600 என்ற எண்ணைக் கண்டு வியந்தவர் இதனால் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. 2020-ல் வகுக்கப்பட்ட அளவின்படி ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும், பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டும். பெரிய நெல்லிக்கனி ஒன்றே அத்தேவையை நிறைவு செய்ய வல்லது.

ஆகவே, எது உயர்ந்தது என்ற கேள்வியே சற்றுப் பிழைபட்டது. கடலை உடலைக் கட்டுகிறது. கனி அதனைக் காக்கிறது. அன்றியும், கடலையிலுள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. உணவோடு வைட்டமின் சி கலந்தால் அது மேலும் நன்றாகச் சேரும். இரத்தசோகை நம் பெண்டிரையும் குழந்தைகளையும் இன்றும் வாட்டும் நாட்டில், கடலைக்குக் கனி துணை என்பது வெறும் சுவைக் குறிப்பன்று.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. மும்பையில் அண்டை வீட்டார் முளைவிட்ட பயறு கொண்டு உசள் சமைப்பதைக் காண்கிறோம். உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கட் பகுதி நெல்லித் தோப்புகளுக்குப் பேர்பெற்றது. குளிர்காலத்தில் வடநாட்டுச் சந்தைகளில் நெல்லி குவிகிறது. சர்க்கரைப் பாகில் காய்ச்சிய முரப்பா சுவையானதே. ஆனால் நெடுநேரம் கொதித்தால் வைட்டமின் சி குறையும். பச்சை நெல்லியைத் துருவித் தயிர்ப் பச்சடியாக்கலாம். கடலையை இரவில் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, தூய நீரால் அலசிவந்தால் ஓரிரு நாளில் முளை காணும். அதனை அளவாக வேகவைத்துச் சுண்டலாக்கி, அப்பச்சடியுடன் உண்ணலாம். கூட் நகரத்து வீரருக்குக் கிட்டாத காவல் அவ்வளவில் நமக்குக் கிட்டிவிடும். அதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.