"இல்லை" என்று சொன்ன மருந்து வணிகர்கள்



நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்கள், மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்றும் அறிவித்தார்கள். அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இந்த நபிமொழி இடம்பெற்றுள்ளது. மருத்துவரின் பொறுப்பு இது. அவர் சொன்ன மருந்தை எடுத்துக் கொடுக்கும் வணிகரின் நிலை என்ன?

அரபியில் 'அத்தார்' என்ற சொல் நறுமணம் விற்பவரை மட்டும் குறிப்பதன்று. மருந்துச் சரக்கு விற்பவரும் அத்தார்தான். கலீஃபா முஃதஸிம் (ஆட்சி: கி.பி. 833-842) காலத்தில் பாபக்கின் கிளர்ச்சியை அடக்கச் சென்ற தளபதி அஃப்ஷீனின் பாசறையில் இத்தகைய வணிகர்கள் பலர் கடை விரித்திருந்தனர். அவர்களைச் சோதித்துப் பார்க்குமாறு மருத்துவர் ஸகரிய்யா ஆலோசனை கூறினார். முன்னர் கலீஃபா மஃமூன் காலத்தில், பக்தாதுக்கு அருகிலிருந்த ஓர் ஊரின் பெயரை மருந்துப் பெயர்போல் சொல்லிக் கேட்டபோது, வணிகர்கள் காசை வாங்கிக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் தந்தனுப்பிய செய்தியையும் எடுத்துரைத்தார். அஃப்ஷீனும் மருந்தோடு தொடர்பே இல்லாத ஏறத்தாழ இருபது பெயர்களை எழுதி அனுப்பினார். சிலர் "இப்படியொரு மருந்தை நாங்கள் அறியோம்" என்றனர். வேறு சிலர் ஏதோ ஒன்றைப் பொட்டலம் கட்டித் தந்தனர். அறியோம் என்றவர்களுக்கே பாசறையில் தங்க அனுமதி கிடைத்தது, மற்றவர்கள் வெளியேற்றப்பட்டனர். இதனினும் எளிய தேர்வொன்றை நாம் வரலாற்றில் படித்ததில்லை! மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இதனைப் பதிவு செய்துள்ளார்.

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒரு நோயாளி இறந்தார். கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் அவர்களிடம் தேர்வு பெறாத எவரும் தொழில் செய்யலாகாது என்று ஆணையிட்டார். அந்நகரில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர்.

மருந்துகளை வகைப்படுத்தும் கலையும் உடன் வளர்ந்தது. தனிச்சரக்குகள் 'முஃப்ரதாத்' என்றும், கூட்டு மருந்துகள் 'முரக்கபாத்' என்றும் பிரிக்கப்பட்டன. ஸாபூர் இப்னு ஸஹ்ல் (இறப்பு: கி.பி. 869) தொகுத்த மருந்துச் செய்முறை நூல் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் பயன்பட்டது. 1260இல் கெய்ரோவில் கடை நடத்திய ஒரு யூத அத்தார், இத்தொழிலின் நுணுக்கங்களையெல்லாம் தம் மகனுக்காக ஒரு நூலாக எழுதி வைத்தார். முஸ்லிம் வணிகர்களும் அதனை நெடுங்காலம் கையாண்டனர்.

ஆயினும் நூல் இருந்தால் போதுமா? சந்தையில் 'முஹ்தஸிப்' எனும் கண்காணிப்பாளர் இருந்தார். ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த ஷைஸரீ (ரஹ்) இவருக்கென எழுதிய கையேட்டில், வணிகர்களின் சரக்கை வாரந்தோறும் சோதிக்க வேண்டும் என்கிறார். அபினில் 'மாமீஸா' எனும் செடியின் சாற்றைக் கலந்திருந்தால், நீரில் கரைக்கும்போது குங்குமப்பூவின் வாசம் வரும் என்று கலப்படத்தைக் கண்டறியும் வழியையும் சொல்லித் தருகிறார். மருத்துவர் தாம் எழுதிய மருந்துச் சீட்டின் நகலை நோயாளியின் வீட்டாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அவர்கள் அச்சீட்டுகளைத் தலைமை மருத்துவரிடம் காட்டலாம். தவறு மருத்துவருடையது எனத் தெரிந்தால் அவரிடம் இரத்த ஈட்டுத்தொகை பெறலாம் என்றும் எழுதியுள்ளார். ஏழை வீட்டாரின் கையில் ஒரு சான்றைக் கொடுத்த ஏற்பாடு இது!

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 1945ஆம் ஆண்டு விதிகளும் இப்பணியைச் செய்கின்றன. 'எச்' அட்டவணை மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது. 2013இல் சேர்க்கப்பட்ட 'எச்1' அட்டவணையில் வீரியமிக்க ஆன்டிபயாடிக்குகள் பலவும் காசநோய் மருந்துகளும் உள்ளன. இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

நாமோ பழைய மாத்திரை அட்டையை நீட்டி, "இதே மருந்து இரண்டு நாளைக்குக் கொடுங்கள் பாய்" என்கிறோம். சீட்டு கேட்கும் கடைக்காரரைக் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடக்கிறோம். அஃப்ஷீன் தம் பாசறையில் தங்கவைத்தது அந்தக் கடைக்காரரைப் போன்றவர்களைத்தான்.