தீவனத்தில் நுழைந்த நோய்

பசு புல்லுண்ணும் பிராணி என்பதைப் பாலபாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆயினும் பால் மிகுதியாகச் சுரக்க வேண்டுமென்று, இறைச்சிக்கூடங்களில் எஞ்சிய எலும்பையும் கழிவையும் காய்ச்சி அரைத்த தூளைப் பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகத் தீவனத்தில் கலந்து வந்தனர். மாட்டுக்கு மாட்டையே ஊட்டிய இவ்வழக்கத்தின் விளைவு 1986 நவம்பரில் வெளிப்பட்டது. மருண்டு, கால் தடுமாறி வீழ்ந்த பசுக்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அது கடற்பஞ்சுபோல் துளைபட்டிருந்தது. மக்கள் இதனைப் பித்துப் பசு நோய் என்றனர்.

இதற்குக் காரணம் நாம் அறிந்த கிருமி எதுவும் அன்று. பிரியான் எனப்படும் உருத்திரிந்த புரதம். சமையல் சூட்டுக்கு அது அழியாது. ஆகவே அடுப்பங்கரையில் இதற்குக் காப்பில்லை. தீவன ஆலையிலும் இறைச்சிக்கூடத்திலுமே காப்பைத் தேட வேண்டும்.

தீவனமே நோயின் வழி என்பதைக் கால்நடை ஆய்வாளர் ஜான் வைல்ஸ்மித் 1987இல் கண்டறிந்தார். 1988 ஜூலையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அத்தூளை ஊட்டுவது தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில், மூளை, தண்டுவடம் முதலியவற்றை மனிதர் உணவில் சேர்ப்பதும் விலக்கப்பட்டது. நல்ல சட்டங்கள்தாம். எனினும் 1992இல் மட்டும் 37,000க்கும் மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. நோய் உடலில் சராசரி ஐந்தாண்டு உறங்கிக் கிடப்பதால், இவற்றுட் பல தடைக்கு முன்பே தூளை உண்டவை. ஆனால் தடைக்குப் பின் பிறந்த கன்றுகளிலும் 40,000க்கு மேல் நோய்வாய்ப்பட்டனவே, அது எவ்வாறு?

விடை ஆலைக்குள் இருந்தது. பன்றிக்கும் கோழிக்கும் அத்தூள் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதே இயந்திரத்தில், அடுத்து மாட்டுத் தீவனம் அரைத்தார்கள். ஒரு கன்றைக் கெடுக்க நோயுற்ற மூளைத்திசு ஒரு கிராமுக்கும் குறைவாகவே போதும். இயந்திரத்தில் ஒட்டிய துகளே எமனாயிற்று. சட்டம் வகுத்தோர் ஆலையின் உட்புறத்தை எண்ணிப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதற்கிடையே அரசு அச்சம் தணிப்பதில் முனைந்தது. 1990 மே மாதத்தில் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், செய்தியாளர் முன்னிலையில் தம் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி ரொட்டியை நீட்டினார். 1996 மார்ச் 20ஆம் நாள், இளைஞர் சிலரைக் கொன்ற புதுவகை மூளைநோய்க்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அதே அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பிரிட்டனில் அதற்குப் பலியானோர் 178 பேர். அரசு பொய்யுரைக்கவில்லை, ஆனால் மக்கள் பீதியடையக்கூடாதென்ற கவலையே அதனை ஆட்கொண்டது என்று ஃபிலிப்ஸ் பிரபுவின் விசாரணை 2000இல் கூறிற்று.

1996 ஆகஸ்டுக்குள் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் அத்தூள் விலக்கப்பட்டது. தீவனம் உள்ள இடத்தில் அதை வைத்திருத்தலே குற்றமாயிற்று. முப்பது மாதம் கடந்த மாடுகள் 2005 நவம்பர் வரை உணவுக்கு விற்கப்படவில்லை. இன்றும் அங்கே, ஓராண்டு கடந்த மாடுகளின் மூளையும் தண்டுவடமும் தனியே நீக்கப்பட்டு, தவறியும் உணவிற் சேராதபடி சாயமிடப்பட்டு அழிக்கப்படுகின்றன.