உரிமமில்லா ஓட்டுநர் விபத்து (இந்தியா)

உரிமமில்லா ஓட்டுநர் விபத்து என்பது, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் வாகனம் ஓட்டுகையில் நேரும் விபத்து. உரிமமே பெறாதவர், காலாவதியான அல்லது போலி உரிமம் வைத்திருப்பவர், வேறு வகை வாகனத்துக்கு உரிமம் பெற்றவர், சிறார் ஆகியோர் ஓட்டியவை இதில் அடங்கும். இதற்கான தீர்வுகளை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுக்கிறது.

காயமடைந்தவரோ இறந்தவரின் வாரிசுகளோ 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரும் எதிர்மனுதாரர்கள். விபத்து நடந்த இடத்திலோ மனுதாரர் வசிக்கும் இடத்திலோ மனு செய்யலாம். 2019 திருத்தம் 6 மாதக் கெடு விதித்தது. உரிமமின்மை மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. முதல் தகவல் அறிக்கை, சாட்சியம் முதலியவற்றால் அதை மெய்ப்பிக்க வேண்டும். 164ஆம் பிரிவின்கீழ் கோருவோர் தவற்றை மெய்ப்பிக்கத் தேவையில்லை. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய்.

காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பே பெரும்பாலும் வழக்கின் மையம். ஸ்வரண் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம், உரிமமின்மை மட்டும் மூன்றாம் தரப்பினருக்கு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது என்றது. உரிமையாளர் வேண்டுமென்றோ கவனமின்றியோ காப்பீட்டு நிபந்தனையை மீறியதை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலும், முதலில் தொகையைச் செலுத்தி, பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். ஏழைக் குடும்பங்களுக்கு இதுவே முக்கியப் பாதுகாப்பு.

உரிமமின்றி ஓட்டுவதற்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சிறார் குற்றமிழைத்தால், 199ஏ பிரிவின்படி பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படும்; வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும்.