ஜார்ஜ் சத்திரம்: எஞ்சி நின்ற தென்பக்கம்

லண்டன் பாலத்தைக் கடந்து தேம்ஸ் நதியின் தென்கரையில் இறங்குவோம். அங்கிருந்து சதர்க் பேட்டையின் பிரதான வீதியான பரோ ஹை ஸ்ட்ரீட்டில் சற்றே தெற்கு நோக்கி நடந்தால், இடக்கைப் பக்கம் குறுகிய சந்துகள் அடுத்தடுத்துப் பிரிவதைக் காணலாம். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரையில் தென்திசை ஜனங்கள் மாநகருக்குள் பிரவேசிக்க லண்டன் பாலம் ஒன்றே இருந்தமையால், கான்டர்பரியிலிருந்தும் டோவர் துறைமுகத்திலிருந்தும் வந்த வண்டிகளெல்லாம் இவ்வீதியிலேயே குவிந்தன. இச்சந்து ஒவ்வொன்றும் ஒரு சத்திரத்தின் முற்றமாக இருந்தது.

அவற்றுள் ஜார்ஜ் சத்திரம் 1676ஆம் வருஷத்துப் பெருந்தீயில் வெந்துபோய், மறுவருஷமே மீண்டும் நிர்மாணிக்கப்பட்டது. வீதியோரத்து மனை விலைமிக்கது. ஆகவே முகப்பைக் குறுக்கி, ஒரு வாயில் வழியாக வண்டியை உள்ளே விட்டு, நீண்ட முற்றத்தைச் சுற்றி அறைகளை அடுக்கி, குதிரை லாயங்களைப் பின்னால் தள்ளினார்கள். மேல்மாடிகளில் அறைகளின் முன்னே, மரத்தூண்கள் தாங்க, கடைசல் கம்பிகள் வரிசையிட்ட கைப்பிடியோடு திறந்த நடைமாடங்கள் ஓடுகின்றன. படியேறி வந்த பிரயாணி இம்மாடத்தின் வழியாகவே தன் அறைக்குச் சென்றான். உள்ளே நடைவழிக்கென்று ஓர் அடியும் வீணாகவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் தன் வண்டிக்குக் குதிரை பூட்டியாயிற்றா என்பதும் தெரிந்துவிடும். இதைக் கட்டிய தச்சன், பெயர் தெரியாவிட்டாலும், கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஷேக்ஸ்பியர் இம்மாடங்களின் கீழ் அமர்ந்து பானம் அருந்தினார் என்று உற்சாகமாகச் சொல்வோர் உண்டு. அவர் காலமானது 1616இல். கட்டடமோ அதற்கு அறுபது வருஷம் பிந்தியது. முன்பு அங்கிருந்த சத்திரத்துக்கு வந்திருக்கலாம் என்று வேண்டுமானால் சமாதானம் செய்துகொள்ளலாம்! கீழ்த்தளத்தில் தொங்கும் பெரிய கடிகாரத்தின் கதை இதைவிட ருசியானது: 1797இல் கடிகாரம் வைத்திருப்போர்மீது அரசாங்கம் வரி விதிக்கவே, சொந்தக் கடிகாரத்தைத் துறந்தவர்களுக்காகச் சத்திரக்காரர்கள் இத்தகைய கடிகாரங்களை மாட்டி வைத்தார்கள் என்பது வழக்கு.

1836இல் லண்டன் பாலத்தருகே ரயில் நிலையம் திறந்தது. குதிரை வண்டிக்கென்றே வகுத்த அமைப்புக்கு அதன்பின் வேலை என்ன? சாஸர் பாடிய டபார்ட் சத்திரமும், டிக்கன்ஸ் தம் பிக்விக் நவீனத்தில் வருணித்த ஒயிட் ஹார்ட்டும் இடிந்து மறைந்தன. ஜார்ஜ் சத்திரத்தைக் கைக்கொண்ட கிரேட் நார்தர்ன் ரயில்வே அதைச் சரக்குக் கிடங்காக்கியது. 1889இல் இரு பக்கக் கட்டடங்களைத் தகர்த்துத் தென்பக்கத்தை மட்டும் விட்டுவைத்தது.

அக்கம்பெனியின் வாரிசான லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, 1937இல் இந்த மிச்சத்தை, பழஞ்சின்னங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்டுக்குத் தானமாக வழங்கிற்று. மாடங்களுடன் கூடிய பழைய வண்டிச் சத்திரமாக லண்டனில் இன்று நிற்பது இது ஒன்றே. இன்றும் அங்கே வியாபாரம் நடக்கிறது.