தேர்தலை நடத்துவது யார்? ஜேஎன்யு மாணவர் பேரவையின் நிர்வாக மரபு, 1971–2024

மாணவர் அமைப்புகளின் வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தலைவர்களின் வரலாறுதான். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் பேரவைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பிரகாஷ் காரத், சீதாராம் யெச்சூரி, கன்னையா குமார் என்று பெயர்களை அடுக்கி, போராட்டங்களைத் தேதிவாரியாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. போராட்டம் இல்லாத நாள்களில் அந்தப் பேரவை எப்படி நடந்தது, யார் யாருக்குக் கணக்குக் காட்டினார்கள், தோற்றவர்கள் ஏன் தோல்வியை ஏற்றார்கள் என்பவை அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. பேரவையை நீண்ட காலம் தாங்கி நின்றது சித்தாந்தத்தைவிட ஒரு நடைமுறை ஏற்பாடே என்பது இக்கட்டுரையின் வாதம். தேர்தல் நடத்தும் பொறுப்பு பதவியில் இருப்பவர்களிடமும் இல்லை, பல்கலைக்கழக நிர்வாகத்திடமும் இல்லை. போட்டியிடாத மாணவர்களைக் கொண்ட ஒரு தேர்தல் ஆணையத்திடம் இருந்தது.

1966-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் 1969-இல் செயல்படத் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதி.  பேரவை 1971-இல் அமைந்தது. தலைவர், துணைத் தலைவர், பொதுச்செயலாளர், இணைச்செயலாளர் என நான்கு மையப் பதவிகள். ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனி உறுப்பினர்கள். மாணவர்கள் அனைவரும் நேரடியாக வாக்களித்தார்கள். சிறிய வளாகம், ஏறத்தாழ எல்லோரும் விடுதிவாசிகள் என்பதால் இது சாத்தியமாயிற்று. இந்தச் சாதகத்தை மறந்துவிட்டு ஜேஎன்யுவை எல்லா ஊருக்கும் உதாரணமாகக் காட்டுவது சரியாகாது.

1973-இல் தலைவரான காரத், அடுத்த ஆண்டு ஆனந்த் குமாரிடம் தோற்றார். தேர்ந்த இடதுசாரி அமைப்பாளர் ஒருவர், தம் அணி வலுவாக இருந்த வளாகத்திலேயே பதவியை இழந்து ஒப்படைத்துவிட்டுப் போனார். தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன அமைப்புக்கு இது சாதாரணச் செய்தியல்ல. ஆளும் அணி தோற்கக்கூடும் என்பது அத்தனை சீக்கிரம் நிரூபணமானதால், தேர்தல் முறை மீது எல்லா அணிகளுக்கும் ஒரு நம்பிக்கை பிறந்தது. பிற்காலத்தில் அங்கே நிலவிய கடுமையான கொள்கைச் சண்டைகள் வளாகத்துக்குள் பெரும்பாலும் சொற்சண்டைகளாகவே நின்றதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நெருக்கடிநிலை அந்த அமைப்பை வேறு வகையில் சோதித்தது. பேரவை உறுப்பினரான அசோக லதா ஜெயின் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டதைக் கண்டித்து மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். 1975 செப்டம்பர் 25 அன்று காலை, வகுப்புக்கு வந்த, பிரதமர் இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியிடம் உள்ளே போக வேண்டாம் என்று பேரவைத் தலைவர் டி.பி. திரிபாதி கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் ஒரு கறுப்பு அம்பாசிடர் கார் வந்து நின்றது. சாதாரண உடையில் இருந்த போலீஸார், வெளியே நின்றிருந்த ஆராய்ச்சி மாணவர் பிரபீர் புர்காயஸ்தாவைக் காருக்குள் திணித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தேடி வந்ததோ திரிபாதியை. ஆள் மாறிப்போனது தெரிந்த பிறகும் விடவில்லை. பிரபீர் ஏறக்குறைய ஓராண்டைச் சிறையில் கழித்தார். வரலாற்றாசிரியர் ஞான் பிரகாஷ் நெருக்கடிநிலை பற்றிய தம் நூலை இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறார். நிர்வாக மரபைத் தேடும் நமக்கு இதில் வேறொன்று படுகிறது. தலைவரைப் பிடித்துவிட்டால் அமைப்பு படுத்துவிடும் என்று அரசு எண்ணியிருக்க வேண்டும். திரிபாதியும் பின்னர் கைதானார். ஆனால் 1977-இல் பேரவைத் தேர்தல் நடந்தது, யெச்சூரி தலைவரானார். மக்களவைத் தேர்தலில் தோற்றுப் பிரதமர் பதவியை இழந்த பின்னும் பல்கலைக்கழக வேந்தர் பதவியில் நீடித்த இந்திரா காந்தியின் வீட்டுக்கு மாணவர்கள் ஊர்வலமாகப் போனார்கள். அவர் வெளியே வந்து நிற்க, அவரைப் பதவி விலகக் கோரும் மனுவை யெச்சூரி வாசித்தார். அந்தக் காட்சியின் புகைப்படம் நெருக்கடிநிலைக் காலத்தில் எடுத்தது என்று இன்றும் பலர் பகிர்கிறார்கள். அது அதற்குப் பிந்தையது. சில நாள்களில் இந்திரா வேந்தர் பதவியை விட்டார்.

1983 மே மாதப் போராட்டத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் கைதாகி, பல்கலைக்கழகமே மூடப்பட்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அப்போது திகார் சிறையில் இருந்தவர்களில் ஒருவர். பின்தங்கிய பகுதி மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கிய சேர்க்கை முறை அந்தச் சூட்டில் கைவிடப்பட்டது. அதை மீட்க ஏறத்தாழ பத்தாண்டு பிடித்தது. போராடிப் பெறுவது ஒரு திறமை, பெற்றதைக் காப்பது வேறொரு திறமை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று பேரவையின் வரலாற்றில் இல்லை.

இனி, போராட்டமற்ற நாள்களுக்கு வருவோம். பொதுக்குழு என்பதுதான் பேரவையின் முதுகெலும்பு. பதவிக்காலம் முடியும் உறுப்பினர்கள் தத்தம் புலத்தின் பொதுக்குழுவில் எழுந்து நின்று செயலறிக்கை வாசிக்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். புலப் பொதுக்குழுக்கள் வழியாகவே தேர்தல் ஆணைய உறுப்பினர்களும் உருவானார்கள். மனுத்தாக்கல், ஆய்வு, நடத்தை விதி, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பல இரவுகள் கண்விழித்து, சக மாணவர்களின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை இது. இதற்குப் பதவிப் பெருமையும் கிடையாது. தலைவர்களின் பட்டியல் இணையமெங்கும் கிடைக்கிறது. தலைமைத் தேர்தல் ஆணையர்களின் பட்டியலை யாரும் அக்கறையாகத் தொகுத்ததாகத் தெரியவில்லை.

பிரசாரமும் பணம் புகமுடியாத வடிவத்தில் வளர்ந்தது. காவேரி, பெரியார், ஜீலம், சபர்மதி என்று ஆறுகளின் பெயர் தாங்கிய விடுதிகளில் (நம்மவர்கள் பலர் நினைப்பதுபோல் அந்தப் பெரியார் ஈரோட்டுக்காரர் அல்லர்) இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ்ஸிலேயே கூட்டம் நடக்கும். சாப்பாட்டு மேசையில் துண்டறிக்கைகள் கிடக்கும். பருப்பு சிந்திய துண்டறிக்கையைப் படித்துத்தான் பல மாணவர்கள் அணிகளின் நிலைப்பாட்டை அறிந்தார்கள். சுவரொட்டிகள் கையால் தீட்டியவை. பல தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, ஒரு சுவர் முழுக்க நிறைப்பார்கள். வாக்குப்பதிவுக்கு முன்பாக, தலைவர் பதவிக்கான வேட்பாளர்கள் அனைவரும் ஒரே மேடையில் பேசி, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, கூட்டத்தின் கேள்விகளுக்கும் பதில் சொல்லும் விவாதம் நள்ளிரவைத் தாண்டும். மேடையில் தடுமாறினால் பணம் கைகொடுக்காது.

இந்தப் பழக்கங்களில் சில 2006-இல் நாடு முழுமைக்கும் விதிகளாயின. மாணவர் தேர்தல்களில் பணமும் அடியாள் பலமும் மிகுந்ததைக் கண்ட உச்ச நீதிமன்றம், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைக்கச் செய்தது. குழு 2006 மே மாதம் அறிக்கை தந்தது. ஆகஸ்டில் உஜ்ஜயினியின் மாதவ் கல்லூரியில் தேர்தல் தகராறின்போது பேராசிரியர் சபர்வால் இறந்தது நாட்டை உலுக்கியது. செப்டம்பர் 22-இல் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தர வேண்டும். அச்சிட்ட சுவரொட்டி கூடாது. மனுத்தாக்கல் முதல் முடிவு வரை 10 நாள்களுக்குள் முடிய வேண்டும். சிறிய வளாகங்களில் நேரடித் தேர்தல் நடத்தலாம் என்பதற்கு ஜேஎன்யுவைக் குழு சுட்டிக்காட்டவும் செய்தது.

ஆனால் அதே அறிக்கையில் வேறு நிபந்தனைகளும் இருந்தன. ஆராய்ச்சி மாணவருக்கு 28 வயது வரம்பு. 75 விழுக்காடு வருகைப்பதிவு. நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். ஆராய்ச்சியே உயிராக உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், அதுவும் கட்டாய வருகைப்பதிவே அன்று பழக்கத்தில் இல்லாத இடத்தில், இவை எப்படிப் பொருந்தும்? 1990-களில் சந்திரசேகர் பிரசாத் துணைத் தலைவராகி, பிறகு அடுத்தடுத்து இருமுறை தலைவரானார். 1997-இல் சிவானில் சுட்டுக்கொல்லப்பட்ட அவரைப் பேரவையின் மிகச் சிறந்த தலைவர்களில் ஒருவராக இன்றும் சொல்கிறார்கள். லிங்டோ விதி அன்றே இருந்திருந்தால் அவர் தலைவராகியிருக்கவே முடியாது.

பேரவை தன் சொந்த விதிப்படியே தேர்தல் நடத்தியது. 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எந்த வளாகத்தை முன்மாதிரியாகக் காட்டினார்களோ அங்கேயே அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் இல்லை. வயது வரம்பு 30 ஆகத் தளர்த்தப்பட்ட பின், 2012 மார்ச்சில்தான் மீண்டும் வாக்குப்பெட்டி வந்தது.

பக்கத்திலிருக்கும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இதே விதிகள் என்ன பாடுபட்டன என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே அச்சிட்ட சுவரொட்டிகள் ஒருபோதும் நிற்கவில்லை. வேட்பாளர் பெயரில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கூட்டியோ மாற்றியோ அச்சடிப்பார்கள். கேட்டால், அது என் பெயரே இல்லை என்று சொல்லிவிடலாம். 2024 செப்டம்பரில் வாக்குப்பதிவு முடிந்தும், நகரெங்கும் ஒட்டியதையும் கிறுக்கியதையும் சுத்தம் செய்யும்வரை எண்ணக்கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எண்ணிக்கை நவம்பர் இறுதியில்தான் நடந்தது. ஜேஎன்யுவில் அச்சுச் சுவரொட்டி இல்லாதது நீதிமன்றத்துக்குப் பயந்து அல்ல. ஒட்டினால் அடுத்த பொதுக்குழுவில் கேட்பார்கள் என்பதால்.

விதியாக எழுதப்பட்டதும் பழக்கத்துக்கு இன்னொரு சொந்தக்காரர் வந்துவிட்டார். தேர்தல் லிங்டோ விதிப்படி நடந்ததா என்று சொல்லும் அதிகாரம் நிர்வாகத்தின் கைக்குப் போனது. 2019-இல் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேரவையை முறைப்படி அறிவிக்கை செய்யாமலேயே நிர்வாகம் வைத்திருந்தது. பேரவை அலுவலகத்தைக் காலி செய்யவும் சொன்னது. பிறகு பெருந்தொற்று வந்தது. அடுத்த தேர்தல் 2024 மார்ச் 22-இல்தான் நடந்தது. 2019-இல் வாக்களித்தவர்களில் முதுகலை மாணவர்கள் அதற்குள் படித்து முடித்துப் போயிருந்தார்கள். பார்த்துப் பழகுவதற்கு மூத்தவர்கள் அதிகமில்லாமலே புதிய ஆணையம் வேலையில் இறங்கியது. 73 விழுக்காடு வாக்குகள் பதிவாயின.

வாக்குப்பதிவு தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில், இடதுசாரிக் கூட்டணியின் பொதுச்செயலாளர் வேட்பாளருடைய மனுவை, எதிரணியின் புகாரை அடுத்து, அந்த ஆணையம் ரத்து செய்தது. பலம் வாய்ந்த அணியின் வேட்பாளரையே கடைசி நேரத்தில் நீக்கும் அளவுக்கு மாணவர் ஆணையத்துக்குத் துணிவு இருந்தது என்று இதைப் படிக்கலாம். 2006-க்குப் பிந்தைய புகார் நடைமுறைகள் ஆணையத்தையே நெருக்கின என்றும் படிக்கலாம். கூட்டணி எதிர்ப்புத் தெரிவித்தது. அதே காலையில், அதுவரை எதிர்த்து நின்ற அம்பேத்கரிய மாணவர் அமைப்பான பாப்சாவின் வேட்பாளருக்குத் தன் ஆதரவை அறிவித்தது. வாக்குப்பதிவு குறித்தபடி நடந்தது. பாப்சா வேட்பாளர் வென்று பொதுச்செயலாளரானார்.