அச்சுதன் பெயர் ஜாவாவுக்குப் போன கதை

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தார்கள். டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயர் விஷயத்தில் இந்த ஊரின் ராசி அப்படி.

1670களில் இங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலபாரின் செடிகொடிகளைப் படத்தோடு தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. செடியின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவப் பரம்பரை வைத்தியர். கூடவே ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள். 1675 ஏப்ரலில் இவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன. அந்தக் காலத்து ஐரோப்பிய நூலில் இப்படியொரு ஒப்புதல் அபூர்வம்.

தொடக்கத் தொகுதிகளை லத்தீனில் எழுதியவர் கொச்சியிலிருந்த பாதிரியார் கசேரியஸ். இளமையில் தத்துவஞானி ஸ்பினோசாவிடம் பாடம் கேட்டவர். அவர் நினைவாக 1760இல் தாவரவியலாளர் ஜாக்குவின் ஒரு தாவரப் பேரினத்துக்குக் கசேரியா என்று பெயர் வைத்தார். ஆனால் ஜாக்குவின் செடி தேடி அலைந்தது கரீபியன் தீவுகளில்!

அப்படியொரு பெயருக்கு அச்சுதன் இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1850களில் லைடனிலிருந்த புளூமே என்ற தாவரவியலாளர் அச்சுதெமியா என்ற பேரினத்தை உருவாக்கினார். மலபார் வைத்தியருக்கு வாய்த்ததோ ஜாவாவின் செடி. அதுவும் தொட்டால் அரிக்கும் செடிகளின் குடும்பத்தில். பிறகு வந்த வகைப்பாட்டாளர்கள் பலர் அதைப் பைலியா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். செடி அங்கேதான் இருந்தது, பெயர்தான் போயிற்று; 2022இல்தான் அச்சுதெமியாவைத் தனிப் பேரினமாக மீட்டார்கள். பேரினங்களின் எல்லையைத் திருத்தி வரையும்போது யாருடைய நினைவாக வைத்த பெயர் என்று விதி பார்ப்பதில்லை. முந்தி வெளியான பெயருக்கே உரிமை.

வான் ரீடுக்கும் அதே கதிதான். லின்னேயஸ் 1753இல் ரீடியா என்று குறித்தது கரீபியன் மரமொன்றை. இன்று அது கார்சினியாவில் அடக்கம். கொச்சி மீன்கறியில் போடும் குடம்புளி இருக்கிறதே, அதன் பேரினமும் இந்தக் கார்சினியாதான். அந்தப் பெயருக்குரிய லோரான் கார்சினும் டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த மருத்துவர்தான்.